தலையாட்டல்

இரவு வேலை முடிந்து வந்து படுத்தவனைப்
பகல் பதினொரு மணிக்கு ஆமி எழுப்பியது.

பயப்படாதேயுங்கோ, இது கனடா.
தொலைபேசியில் ஒரு இளம் குரல், கோப்ரல் என்றாள்,
பத்து நிமிடம் கதைக்க நேரம் இருக்கிறதா என்றாள்.
எந்த ஆமியும் இதற்கு முன்
என்னிடம் நேரம் கேட்டதில்லை.

எற்றோபிக்கோ பாண் ஆலையில்
இரண்டு கோடை எனக்குக் கீழே வேலை செய்தவள் ஆரபி.
மேற்பார்வையாளர் என்று
என் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.
உறவா என்று கோப்ரல் கேட்கவில்லை.
அக்காவின் மூத்தவள்,
காது குத்தும்போது என் மடியில் இருந்து
என் கையைக் கடித்தவள் என்று
நானும் சொல்லவில்லை.

நேரத்துக்கு வருவாளா?
பஸ் ஓடாத நாளும் சைக்கிளில் வந்தவள்.
சொன்னதைச் செய்வாளா?
ஏன் என்று ஒருதரம் கேட்பாள். பிறகு செய்வாள்.
அந்தப் பக்கம் தட்டெழுதும் சத்தம்.
கோபம் வருமா?
மா பிசையும் இயந்திரத்தில் ஒருவனின் கை சிக்கியபோது
எல்லாரும் கத்தினோம், இவள்தான் ஓடிப்போய் நிறுத்தினவள்.
அழுதது பிறகு, உடுப்பு மாற்றும் அறையில்.
கேள்விக்கு அது மறுமொழி இல்லை.
அவள் அதையும் தட்டினாள்.

அடுத்ததாக,
இவள் கையில் ஒரு துவக்கை
நம்பிக் கொடுப்பீர்களா?

தொண்ணூற்றேழு. பள்ளிக்கூட மைதானம்.
வெயிலில் வரிசையாக விட்டார்கள்.
ஜீப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஒருவன்,
தலையில் உரச்சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
சாக்கு ஆடினால் ட்ரக்கில் ஏற வேண்டும்.
ஆடாவிட்டால் வீடு.
எனக்கு முன்னால் நின்ற குகநேசனுக்கு ஆடியது.
எனக்கு ஆடவில்லை.
ஆடித்தான் இருந்ததோ,
குகநேசன் குழறிய குழறலில்
ஒருவரும் கவனிக்கவில்லையோ.

சாக்குக்குக் கீழே இருந்த செருப்பை எனக்குத் தெரியும்.
வார் அறுந்து, ஊக்கு குத்தின செருப்பு.
அதை இன்றுவரை
எவருக்கும் சொன்னதில்லை.

போன கிழமை ரிம் ஹோட்டன்ஸ் வாசலில்
காருக்குள் இருந்து சொன்னாள்.
படிப்புக்குக் காசு தருவாங்கள் மாமா.
காட்டுத் தீ, வெள்ளம், அதுக்கும் அனுப்புவாங்கள்.
நான் கோப்பி மூடியைக் கழற்றிப் பூட்டினேன்,
கழற்றிப் பூட்டினேன்.
அது உங்கட ஆமி மாமா, என்றாள்.
இது என்ர.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு
ஒரே வசனம்தான் இருந்தது: ஆமி வருது.
சோற்றுப் பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம்.
ஆமிக்குப் போறன் என்று
சிரித்துக்கொண்டு ஒரு பிள்ளை சொல்வதை
எந்தக் காதால் கேட்பது?

ஹலோ, சேர், லைனில் இருக்கிறீர்களா?

அப்போதுதான் உணர்ந்தேன்,
நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.
தொலைபேசிக்கு அது தெரியாது.
வாய் திறந்துதான் சொல்ல வேண்டும்.
ஓம், என்றேன்.
சொறி? என்றாள்.
யெஸ்.

பின்னேரம் அக்கா எடுத்தாள், பிரம்டனில் இருந்து.
உன்னட்டக் கேட்டவங்களோ? என்ன சொன்னனி?
நேரத்துக்கு வருவாள் எண்டனான்.
பின்னால் குக்கர் இரண்டு விசில் அடித்தது.
வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்,
உனக்கு வாய் இல்லையோ, என்றாள்.
மூன்றாவது விசிலுக்கு எழும்பிப் போய்விட்டாள்,
தொலைபேசியை வைக்காமலே.
அடுப்படியின் சத்தத்தைக் கொஞ்ச நேரம்
கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஆறு மணிக்கு ஆரபியின் செய்தி.
எழுத்து ஒன்றும் இல்லை.
ஒரு பாணின் சின்னப் படம், அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு வேலை.
ஒன்பதரைக்கு எலார்ம் வைத்துவிட்டு
அது அடிக்கும்வரை முழித்திருந்தேன்.