தொண்ணூறு விநாடி

மலைக்குப் பின்னால் இரண்டு மாதம் கிடந்த சூரியன்
இன்றைக்கு இசாஃபியோர்தூருக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய நாள்.
வீட்டுக்கு வீடு பான்கேக் மாவு கரைத்து வைத்திருக்கிறார்கள்.
அதிகாலை நான்கு பத்துக்கு மின்சாரம் போயிற்று;
பனிச்சரிவு எங்கோ ஒரு கம்பத்தைச் சாய்த்திருக்கும்.
நாலே காலுக்குத் திரும்பியது.
மீன் ஏலக்கூடத்தின் சர்வர் எழுந்தது.
தரவுத்தளம் எழவில்லை.

சமையலறை மேஜையில் எய்தீஸ்,
இரவு உடைக்கு மேல் முரட்டுக் கம்பளிச் சட்டை.
கறுப்புத் திரையில் வரிகள்:
தொடங்குகிறது.
நேரம் கடந்தது, நிறுத்தினேன்.
நிற்கவில்லை, கொன்றேன்.
தொடங்குகிறது.
ஐந்தாவது பிணத்துக்குப் பிறகு
'போதும், இனி முயல மாட்டேன்'
என்று கைகழுவியிருந்தது எண் ஒன்று.

எண் ஒன்று:
இயந்திரம் கண்விழித்ததும் பிறக்கும் முதல் உயிர்.
மற்ற சேவைகளை வரிசை பார்த்து எழுப்பும்;
முதலில் வட்டு, பிறகு வலை, பிறகுதான் தரவுத்தளம்.
விழுந்ததைத் தூக்கி நிறுத்தும்.
பெற்றவன் செத்துப்போன செயல்களைத் தன் பிள்ளையாக்கிக்கொள்ளும்.
சாகும்போது ஒவ்வொன்றும் முனகும் கடைசி எண்ணைக்
குனிந்து காது கொடுத்துக் கேட்டு எழுதிவைக்கும்.
இத்தனையும் செய்கிறதைக் குற்றவாளி என்பதா?

ஸ்டெயின்கிரீமுர் எழுதிய கோப்பைத் திறந்தாள்.
அவன் ஆக்குரேரிக்கு வேலை மாறிப்போய் மூன்று வருஷம்.
தொடங்கத் தொண்ணூறு விநாடி.
கால் மணியில் ஐந்து முறை, அதற்கு மேல் வேண்டாம்.
கீழே ஒரு குறிப்பு: 'தொங்கினால் கொல். பாவம் பார்க்காதே.'
அதைப் படித்துச் சிரித்து ஒப்புதல் தந்தவள் அவள்தான்.

பிறகுதான் தரவுத்தளத்தின் சொந்த லாக்கைப் பார்த்தாள்.
முதலிலேயே பார்த்திருக்கலாம்.
'போன முறை ஒழுங்காகத் தூங்கவில்லை.
குறிப்பேட்டிலிருந்து மீட்டுக்கொண்டிருக்கிறேன்.'
நேற்றைய ஒவ்வொரு படகும் மறுபடி கரைக்கு வருகிறது:
காட் முந்நூற்றுப் பத்து கிலோ,
ஓநாய்மீன் நாற்பத்திரண்டு,
திருத்தம், ஓநாய்மீன் நாற்பது,
பெட்டி எண், விலை, வாங்கியவர்,
தொண்ணூறாவது விநாடி. வெட்டு.
மறுபடி முதல் படகிலிருந்து.
மறுபடி அதே ஓநாய்மீனில் வெட்டு.
ஐந்து தடவையும் அது தானாகச் சாகவில்லை.
பேசிக்கொண்டிருந்தது.

கதவருகே ஊல்வர் நின்றான், ஏழு வயது.
"அம்மா, ப... ப... ப..."
பான்கேக்தானே, விடியட்டும் என்பது
அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
எப்போதும் அவள்தான் முடித்துவைப்பாள்;
அவனும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான்.
அந்தத் தலையாட்டல்களில் எத்தனை சரியென்று
எந்த லாக்கிலும் இல்லை.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.
ப... ப...
குளிர்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.
"பல்லு," என்றான்.
விரித்த உள்ளங்கையில்
ரத்தம் ஒட்டிய சின்ன வெள்ளை.

காலவரம்பு என்ற இடத்தில் முடிவிலி என்று எழுதினாள்.
தோல்விக் கணக்கைத் துடைத்தாள்.
தொடங்கு என்றாள்.
தொண்ணூறு கடந்தது.
மூன்று நிமிஷம். ஆறு.
எண் ஒன்று பக்கத்திலேயே, கைகட்டிக்கொண்டு.
ஆக்கப் பொறுத்தாயிற்று, ஆறவும் பொறு என்று
யாரிடமென்று தெரியாமல் முணுமுணுத்தாள்.
ஓநாய்மீனைத் தாண்டியது.
பதினோராம் நிமிஷம், கடைசிப் படகையும் கட்டிவிட்டு,
யாரும் கேட்காமல் அதுவே சொன்னது:
'தயார்.'

ஸ்டெயின்கிரீமுரின் குறிப்பை அவள் அழிக்கவில்லை.
அதன் மேலே 'முதலில் கேள்' என்று மட்டும் சேர்த்தாள்.
நிஜமாகவே தொங்குபவையும் உண்டு.

பகல் ஒரு மணிக்கு ஏலம் நடந்தது.
மேகம் கலையவில்லை, சூரியன் வரவில்லை.
யாரும் அதை மறுதொடக்கம் செய்யப் பார்க்கவில்லை.
மூன்று வீட்டுப் பான்கேக் தின்ற ஊல்வர்
பல் போன பள்ளத்தில் சர்க்கரை சிக்கிய கதையைச்
சொல்ல ஆரம்பித்திருந்தான்.
இன்னும் முடியவில்லை.