ஸ்டேஜ்

மூணாவது ஸ்டேஜ் என்றார் டாக்டர்.
இருபத்தாறு வருஷம் ஸ்டேஜ் போட்டவன் நான்.
"எங்க தடத்துல மூணாவது ஸ்டேஜ்ல
இறங்குறவங்க கம்மி சார்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மலர்க்கொடி என் தொடையைக் கிள்ளினாள்.

அறுத்துவிடுங்களேன், இன்றைக்கே, என்று கேட்டோம்.
முதலில் மருந்தும் கரண்டும் சேர்த்து அஞ்சு வாரம்,
கட்டி சுருங்கட்டும்.
பிறகு ஆறு வாரம் சும்மா இருங்கள்.
அதற்கப்புறம்தான் கத்தி.

திங்கட்கிழமை இரண்டும்.
மற்ற நாளில் கரண்டு மட்டும்.
மன்னார்குடியில் ஆறேகாலுக்கு என் வண்டியிலேயே ஏறினேன்.
என் பையை வைரக்கண்ணு மாட்டியிருந்தான்.
பாஸ் இருக்கேண்ணே என்றான்.
இருக்கட்டும், கிழிடா,
எத்தனை போனேன்னு எனக்குக் கணக்கு வேணும்.

நெஞ்சில் மையால் கோடு போட்டாள் பர்வீன்,
குளிக்கையில் அழிச்சிடாதீங்க.
இயந்திரம் சுற்றியது. சூடில்லை, வலியில்லை.
அடுத்த அறையிலிருந்து அவள் குரல் மட்டும்:
அசையாதீங்க.
ஓடுகிற வண்டியில் கம்பி பிடிக்காமல்
சில்லறை எண்ணியவனிடம்.

இட்லி இரண்டாம் வாரத்தோடு நின்றது.
ரசஞ்சோறு மூன்றோடு.
நாலாவது வாரம் எச்சில் விழுங்கினாலே
மிளகாய் அரைத்து உள்ளே பூசியது போல.
"உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று
ஊரையே விரட்டிய தொண்டை
ஒரு மடக்குக் கஞ்சியிடம்
அதையே சொல்லிக் கெஞ்சியது.

வைகாசி. வடவாறு வறண்டு கிடந்தது.
மேட்டூர் திறப்பதற்குள் முடிக்க வேண்டுமென்று
மஞ்சள் இயந்திரம் தூர் வாரிக்கொண்டிருந்தது.
வடுவூர் தாண்டும்வரை
சேற்று நாற்றம் ஜன்னல் வழியே.
எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள்.
நான் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

இருபத்து மூன்றாவது டிக்கெட்டைக் கொடுத்தபோது
வைரக்கண்ணு ஒன்றும் பேசவில்லை.
விசிலை மட்டும் ரொம்ப நேரம் ஊதினான்.

இப்போது நடப்பது அந்தச் சும்மா இருக்கும் வாரங்கள்.
இதுதான் கஷ்டம்.
உள்ளே மருந்து இன்னும் வேலை செய்கிறதாம்,
நமக்கு ஒன்றும் தெரியாதாம்.
இரைப்பையை மேலே இழுத்துக் குழாயாகத் தைப்பார்களாம்.
எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது
அறுத்தெடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாம்.

நேற்று அரை இட்லி, பாலில் பிசைந்து.
இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது.
மலர்க்கொடி என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
போதும், நீ சாப்பிடு என்றேன்.

வடவாற்றில் தண்ணி வந்துட்டுதுண்ணே,
போனில் வைரக்கண்ணு,
நுரையும் குப்பையுமா வருது.

ஆடி ஒன்பது அட்மிஷன்.
தஞ்சாவூர் ரெண்டு போட்டு வைடா.
சில்லறை சரியாகக் கொண்டுவருவேன்.