இரண்டாம் பிணை

படிவத்தின் நான்காம் பக்கத்தில்
இரண்டு கட்டங்கள் காலியாகக் கிடந்தன.
பிணையாளர் ஒன்று. பிணையாளர் இரண்டு.
பிரிட்ஜ் திருத்துகிற பொம்பிளைக்கு
யார் ஒப்பம் வைப்பார் என்று
முகாமையாளர் வாய்திறந்து கேட்கவில்லை.
பேனை மூடியைத் திறந்தார், மூடினார்.

போனில் நானூற்றுப் பதினாறு பெயர்கள்.
இரவு முழுக்க விரலால் தள்ளினேன்.
கலியாணத்துக்கு வருவார்கள்,
செத்த வீட்டுக்கு வருவார்கள்,
வங்கிக்கு?
கட்டாரிலிருந்து அண்ணன்
சிவப்பில் ஓர் இதயம் அனுப்பினான்.
பெரியம்மாவின் மகன் கிராம சேவகர்.
"ரெண்டு பேருக்குப் போட்டு
சம்பளத்தில வெட்டுறாங்கள் கா."
பொய்யில்லை. அந்தத் துண்டை
நானே பார்த்திருக்கிறேன்.

முதல் கட்டத்தை ஜெஸீலா நிரப்பினாள்,
மருதமுனையில் கணக்கு ரீச்சர்.
நோன்பு மாதத்தில் அவள் பிரிட்ஜ் நின்றபோது
இரவு பதினொன்றுக்குப் போயிருந்தேன்.
அதற்காக இல்லையாம்.
"சீட்டுக் காசு முப்பத்தொரு மாசம்,
ஒருக்காலும் நீ பிந்தல்ல புள்ள.
எண்ணிப் பாத்தன்."

இரண்டாம் கட்டம் வாவிக்கு அப்பால் இருந்தது.
மண்டூர் சாந்தரூபன்.
என் தொழில்தான் அவனுக்கும்.
போன வருஷம் என் வாடிக்கையில் மூன்று வீட்டைக்
கொண்டுபோனான்.
இரண்டை மீட்டேன்.
ஆனாலும் கொம்பிரஸர் கிடைக்காத நாளில்
அவனிடம்தான் கேட்பேன்.
ஏசிக்கொண்டே தருவான்.

வங்கி மூன்றுக்குச் சாத்தும்.
எங்கள் பக்கத்தில் பாதை என்றால்
நடப்பதில்லை, மிதப்பது.
குருமண்வெளித் துறையில் நின்றேன்.
இரண்டு பத்து. பாதை அக்கரையில்.
ஓர் உழவு இயந்திரம்
ஏறமாட்டேன் என்று உறுமிக்கொண்டிருந்தது.
நெற்றி வேர்வை உதட்டில் உப்பாய் இறங்கியது.
கொக்கு ஒன்று, அதற்கு எந்த அவசரமும் இல்லை.

மறுகா வந்தது.
முன்விளிம்பில் அவன்,
மோட்டார் சைக்கிளை இரு கையாலும் பிடித்தபடி,
அடையாள அட்டை பல்லிடுக்கில்.
கரை தட்டியதும் அட்டையை எடுத்துவிட்டு
"கடை போட்டா எண்ட ஊருக்கு வராத" என்றான்.
"வருவன்."
"தெரியும். ஏறுகா."

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு
வங்கியின் பேனை எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கி உதறினான்.
அந்த மைக்கோடு அவன் கையில்
எத்தனை நாள் இருந்ததோ, கேட்கவில்லை.

கடன் முடிய இன்னும் பதினாலு தவணை.
நேற்றுப் பின்னேரம்
துறைநீலாவணையிலிருந்து ஒருத்தி,
யோகதர்சினி என்று பெயர்,
குஞ்சு பொரிக்கும் மெசின் வாங்கவாம்,
கடைக்குள் வந்து
நான்காம் பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

வயிற்றைப் பிசைந்தது எனக்கு.
எத்தனை முறை இவள் பிந்தியிருப்பாள்,
யாருக்கு என்ன கொடுக்க இருக்கும் என்று
ஜெஸீலாவைப் போல எண்ணத் தொடங்கினேன்.
எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது.

அவள் இருக்கவில்லை. நின்றாள்.
பேனை என் கையில்,
நடுவாவியில்
எஞ்சின் நின்ற பாதைபோல.