ஆட்பதிவு

தேர்ஸ்டன் வீதி மதிலுக்கு மேலே சாய்ந்த
தூங்குமூஞ்சி மரத்தின் பட்டையில்
ஒரு சாம்பல் வட்டம், ஐந்து ரூபாய்க் குற்றியளவு.
ஸீனத் பிளேட்டால் சுரண்டி
கடித உறைக்குள் போடுகிறாள்.
நான் உறையில் எழுதுகிறேன்: திகதி, மரம், திசை, உயரம்.
வாசல் காவலாளி கேட்கிறான், மருந்துக்கா மிஸ்?
இல்லை, உள்ளே எத்தனை பேர் என்று பார்க்க.

பள்ளிக்கூடத்தில் நான் படித்த இலைக்கனில்
இரண்டு பேர்.
பங்கசு வீடு கட்டும், அல்கா சமைக்கும்.
படம் வரைந்து பெயரிடுக, ஐந்து புள்ளி.
ஐந்தும் எனக்குக் கிடைத்தது.

இப்போது சொல்கிறார்கள்
சிலதின் மேல்தோலுக்குள் இன்னொன்றும் உண்டென்று:
மதுவம்.
பாண் மாவைப் பொங்கவைக்கிற அதே சாதி,
தூரத்துச் சொந்தம்.
அது ஒளிந்தும் இருக்கவில்லை.
எண்ண வந்தவர்கள் இரண்டோடு எழும்பிப் போய்விட்டார்கள்,
நூறு வருடத்துக்கும் மேலாக.

தொண்ணூற்றெட்டில்
வெள்ளவத்தை ஹம்டன் ஒழுங்கையில் ஒரு அனெக்ஸ்,
நானும் தயாநிதியும்.
பொலிஸ் படிவத்தில் எங்களுக்கு இரண்டு வரி:
பெயர், அடையாள அட்டை, வந்த ஊர், வந்த காரணம்.
மிச்ச இடத்தில் வீட்டுக்காரர்
அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தார்.
அந்தக் கோட்டின் மேல்தான்
சவிரிமுத்து படுத்திருந்தான்.

பம்பலப்பிட்டியில் பேக்கரி, இரவு வேலை.
விடிய ஐந்தரைக்கு வருவான்.
கையில் பேப்பர் சுற்றிய ரோஸ் பாண்,
சட்டையில், தலைமயிரில், நகத்தடியில்
புளித்த மாவின் வாசம்.
நாங்கள் எழும்பிய பாயில் சூடு ஆறுமுன் நீட்டி நிமிர்ந்துவிடுவான்.
இரவில் டோர்ச் அடித்து எண்ணியவர்களுக்கு
இரண்டு சோடி செருப்பு.
பகலில் எண்ண ஒருவரும் வரவில்லை.
வாடகையில் மூன்றிலொன்று
மாதம் முதலாம் திகதி சீனி டின்னுக்குக் கீழே இருக்கும்.

குளிர்நாட்டு மரங்களில் இரண்டு இலைக்கன்களாம்.
அதே பங்கசு, அதே அல்கா.
ஒன்று மண்ணிறம்.
மற்றது மஞ்சள், கைப்பு, தின்றால் நஞ்சு.
வித்தியாசம் எங்கே என்று தேடப்போய்த்தான்
மதுவம் அகப்பட்டதாம்.
நஞ்சு அதனுடைய வேலையா
என்று இன்னும் தகராறு, என்கிறாள் ஸீனத்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
அவன் வந்தபின்
தயாநிதியும் நானும் சத்தம்போட்டுச் சண்டை பிடிப்பதை விட்டோம்.
ஆள் தூங்குகிறான் என்று பகலில் விட்டது
இரவுக்கும் தொற்றிக்கொண்டது.
கதவு தட்டினால் நான் பொய் சொல்லப் பழகினேன்,
நல்ல சிங்களத்தில்,
கண்ணை நேரே பார்த்து.
கைப்புத்தான்.
யாரும் எங்களைத் தின்னவில்லை.

ஓகஸ்டில் ஒரு காலை பாண் வரவில்லை.
அடுத்த நாளும்.
பேக்கரி முதலாளி மாத் தூசியைத் தட்டிவிட்டு,
அப்படி ஒரு பெயர் இங்கே இல்லையே தம்பி, என்றார்.
அவருக்கும் ஒரு படிவம் இருந்திருக்கும்.
பொலிஸ் வாசல்வரை போய்த் திரும்பினோம்.
பதியாத ஆளைக்
காணவில்லை என்று எந்த வரியில் எழுதுவது?
தயாநிதி பிறகு கனடா போனான்.
அவனோடு தொலைபேசியில் எல்லாம் கதைப்போம்,
இதைத் தவிர.

ஆய்வுகூடத்தில் ஏசி இரைகிறது.
சாயம் ஊற்றினால் இருட்டில் ஒளிரும், பாருங்கோ, என்கிறாள்.
பார்த்தேன். பச்சை. கொஞ்சம் நீலம்.
ஓரத்தில் ஏதோ மினுங்கி, குவியம் தப்பிப் போனது.
இதில் இல்லைப் போல,
அல்லது எனக்கு எடுக்கத் தெரியவில்லை, என்கிறாள்,
நாளைக்குக் கனத்தை மயானப் பக்கம் போவோம்.

அவள் கைகழுவப் போன நேரம்
உறையைத் திறந்து மூக்கருகே பிடித்தேன்.
மழை ஈரம். பஸ் புகை.
பட்டை.