மவுண்டுக்கு அடியில்

வெள்ளி ராத்திரி
உச்சிப்புளியில் ரோடு தோண்டிய ஜேசிபி
எங்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டது.
அதே ராத்திரி கரண்டும் போய் வந்தது.
மண்டபம் வடக்குத் துறை ஆபீசில்
தானே எழுந்த மெஷின்
ராமநாதபுரம் சர்வரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறது.
பதில் இல்லை. விட்டுவிட்டது.

எனக்குத் தெரியாது.
சனி விடியுமுன் ஜன்னலைத் திறந்தேன், டோக்கன் கொடுத்தேன்.
படகு எண், ஆள் கணக்கு, கிளம்பிய நேரம்.
ஸ்கிரிப்டும் சர்வரில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு
எழுதிக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அதே ஜன்னலில் பத்துப் பேர்.
டீசல் பட்டியலில் படகைக் காணோம்.
நம்புவேல் டோக்கனைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார்:
“தாளுல இருக்கு. பொட்டியில இல்லேங்கிறீக.
அப்ப சனிக்கெழமெ நான் புடிச்ச நகரை
தரையிலயா மேஞ்சுச்சு?”
சீனி அசன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாதவர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

“திரும்ப அடிச்சிரும்மா” என்றார் சூப்பரின்டெண்ட்.
நாற்பத்துமூன்று டோக்கன், பாதி உப்புத்தண்ணீரில் ஊறியவை.
அடித்திருப்பேன்.
மை கலைந்த எண்ணை எப்படி அடிப்பது?

மவுண்ட் என்றால் வேறொன்றுமில்லை.
இங்கே காலியாக ஒரு டைரக்டரி,
அதன்மேல் அங்கிருக்கும் டிஸ்க்கை விரிப்பது.
விரித்தபின் பெயர் இங்கத்தியது,
உள்ளே இருப்பது அங்கத்தியது.
விரிக்காத நாளிலும் அந்தக் காலி டைரக்டரி
அதே பெயரோடு திறந்து கிடக்கும்.
வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.
நான் அது இல்லை என்று
ஒரு வார்த்தை சொல்லாது.

அன்மவுண்ட் என்று அடித்தேன்.
வந்தது ஒரே வரி:
இலக்கு வேலையாய் இருக்கிறது.

யார் உள்ளே?
கேட்டால் சொல்லும். புராசஸ் 2291.
பயனர்: ஜெனிட்டா.
ஜெனிட்டா நான்தான்.
காலையில் திறந்து மறந்த இன்னொரு டெர்மினல்
அதே டைரக்டரிக்குள் சும்மா நின்றுகொண்டிருக்கிறது.
நின்ற பாயையே சுருட்டப் பார்த்திருக்கிறேன்.

சிடி, ஒரு இடைவெளி, இரண்டு புள்ளி.
வெளியே வந்தேன்.
மறுபடி அன்மவுண்ட்.
கர்சர் அடுத்த வரிக்குப் போனது, அவ்வளவுதான்.
டெர்மினல் வாயைத் திறக்கவில்லை என்றால்
காரியம் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

எல்எஸ்.

இருந்தன.
நாலு பத்திலிருந்து ஆறு ஐம்பது வரை
நேரம் பிசகாமல் நாற்பத்துமூன்றும்.
நம்புவேல் ஐந்து ஆள். சீனி அசன் நாலு ஆள்.

கூடவே இன்னும் இரண்டு.
நான் வேலைக்கு வருமுன்
ஏதோ ஒரு நவம்பரில், வேறொருவர் கையால் பதிந்தவை.
அதில் ஒரு படகை எனக்குத் தெரியும்.
போன வருஷம் உடைத்து விறகுக்கு எடை போட்டார்கள்.
அந்த ஒரு நாள் டீசலுக்கு
அந்த மனுஷர் எத்தனை தடவை
இந்த ஜன்னலில் வந்து நின்றாரோ.
“ஆறு வருஷக் கதெ, விடும்மா” என்றார் சூப்பரின்டெண்ட்.
விடவில்லை. என்ன செய்வதென்றும் தெரியவில்லை.
தனி ஃபோல்டரில் போட்டு
அவர் பெயரையே வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகர்த்தியபின்
அந்த வெறுந்தரையில் ஒரு கோப்பு உண்டாக்கினேன்.
சைஸ் பூஜ்யம். உள்ளே ஓர் எழுத்து கிடையாது.
பெயர்தான் சேதி:
இங்கே_எழுதாதே.
டைரக்டரியில் யாரும் எழுத முடியாதபடி பூட்டினேன்.
மேலே சர்வரை விரித்தேன்.
அது மறைந்தது.

இப்போது தினமும் ஜன்னல் திறக்குமுன்
எல்எஸ் அடிக்கிறேன்,
நான் எழுதி வைத்தது
என் கண்ணில் படாமல் இருக்கிறதா என்று.

இன்றைக்குப் படவில்லை.
மணி நாலு எட்டு.
வெளியே யாரோ ஐஸ் உடைக்கிறார்கள்.
முதல் ஆள் நம்புவேல்.
பழைய டோக்கனையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.