இடப்பக்கக் கம்பி

தொரையின் மோட்டார் தஞ்சோங் மாலிம் வந்த வருஷம்
என் ஆஸ்பத்திரிக்கு வந்தவை மூன்று மணிக்கட்டு.
மூன்றும் வலக்கை.
மூன்றிலும் கட்டைவிரல் பக்கத்து எலும்பு,
ஒரே இடத்தில், ஒரே சாய்வில்,
உளி வைத்துத் தட்டினாற்போல.

முதல் இரண்டுக்கும்
'வழுக்கி விழுந்தது' என்று எழுதிவிட்டேன்.
மூன்றாவது, கிளீனர் சவரிராயன்.
சிம்பு வைத்துக் கட்டும்போது சொன்னான்:
"நான் விழலீங்க டிரஸ்ஸரே.
அது திருப்பி அடிச்சிருச்சு."

இரும்பு அடிக்குமா?
மழை விட்டதும் ஷெட்டுக்குப் போனேன்.
டிரைவர் கோமதிநாயகம் எஞ்சினைத் திறக்கவில்லை.
ஸ்டியரிங்குக்குக் கீழே, இடப்பக்கம்,
சுண்டுவிரல் நீளக் கம்பி ஒன்றைக் காட்டினார்.

மேலே தள்ளினால் பொறி பிந்தும்.
கீழே இழுத்தால் முந்தும்.
ஓடுகிற வண்டிக்கு முந்தத்தான் வேண்டும்,
பெட்ரோல் ஆவி பற்றிப் படர்வதற்குள்
பிஸ்டன் எங்கோ போய்விடும்.
நிற்கிற வண்டி வேறு.
அதற்கு இருக்கும் வேகமெல்லாம்
கைப்பிடி சுற்றுகிறவன் தோளில் உள்ளதுதான்.
உச்சிக்கு ஏறி, இறங்கத் தொடங்கியபின் பொறி விழுந்தால்
வெடி உன் பக்கம்.
ஏறும்போதே விழுந்தால்
பிஸ்டன் வந்த வழியே திரும்பும்,
கைப்பிடியும் திரும்பும்,
விடத் தெரியாத கையும்.

"தூங்குறவன் புரண்டு படுக்கட்டும்,
அப்புறம் எழுப்பு" என்றார் கோமதிநாயகம்.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"முந்தாநாள் மலைரோட்டில் ஓட்டி வந்தது நானில்லை."

கிளப்பிலிருந்து, ராத்திரி, தனியாக.
ஏற்றத்துக்கு இழுத்த கம்பி இழுத்தபடியே கிடந்தது.
விடிந்ததும் "ஸ்டார்ட்" என்றொரு சத்தம்.

ஆபீசிலிருந்து சீட்டு வந்தது:
காரணம், கூலியின் அஜாக்கிரதை. அரைச் சம்பளம்.
பேரேட்டில் மைக்கூட்டைத் தொட்டுத் தொட்டு எழுதினேன்:
'பொறி முந்தியது. கம்பி கீழே இருந்தது.'
யார் கை என்று எழுதவில்லை.
அதற்கு மேல் எழுத எனக்கும் மணிக்கட்டு இரண்டுதான்.
சனிக்கிழமை தொரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார்,
அல்லது படித்துவிட்டு.

இந்த ஊரில் மற்றதெல்லாம் முந்த வேண்டும்.
பெரட்டுக்கு இருட்டிலேயே மணி,
வெயில் ஏறுமுன் பால்.
பிந்தினால் பேர் இல்லை.
பிந்தச் சொல்லிக் கேட்ட ஒரே பொருள்
அந்தக் கம்பிதான்.

ஏழாவது வாரம் கட்டைப் பிரித்தேன்.
மறுநாள் ஆபீஸ் வாசலில் வண்டி.
தொரை உள்ளே, தொப்பியோடு, கடிகாரத்தைப் பார்த்தபடி.
சவரிராயன் முன்னால் போகவில்லை.
கதவுப் பக்கம் வந்தான்,
தொரையின் முழங்காலுக்கு மேலாகக் கையை நீட்டி,
ஏற்கெனவே மேலே இருந்த கம்பியை
இன்னொரு தரம் மேலே தள்ளினான்.

பிறகு இடக்கை.
கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல்
மற்ற விரல்களோடு சேர்த்து மடக்கி,
ஓர் அரைச்சுற்று, மேல்நோக்கி.

பிடித்துக்கொண்டது.