பருப்பு வேகாத வாரம்

இரண்டாவது முறையும் தோற்றேன்.
ஹால்டோர்சன் படிவத்தில் ஒரே வரி எழுதினார்:
"வண்டி வழுக்குவது இவர் கைக்குத் தெரிவதில்லை."
போர்ட்டேஜ் அவென்யூ நடுவில்
காரின் பின்பக்கம் தன்னிச்சையாக
அரைவட்டம் அடித்ததைப் பற்றி எழுதவில்லை.
நல்ல மனிதர்.

பயிற்சிக்கு மணிக்கு எழுபது டாலர்.
பேக்கரியில் என் கை மணிக்குப் பதினேழு.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
கணக்கு என்னைப் பார்த்துச் சிரித்தது.

டிரான்ஸ்கோனாவில் ஒரு பையன்
விளையாட்டு ஸ்டியரிங் விற்றான், நாற்பதுக்கு.
பிரேக் மிதியில் ரப்பர் இல்லை.
"லினக்ஸிலா ஓட்டப்போகிறீர்கள்?"
கேட்ட விதத்தில் துக்கம் விசாரிக்கும் பணிவு.

என் கணினி பேக்கரி அலுவலகம் கழித்துக் கட்டியது.
புதிய விண்டோஸ் அதன் வயதைக் கேட்டு
வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது.
ஜோவலின்தான் கோதுமை மாவு ஒட்டிய பென்டிரைவில்
லினக்ஸ் கொண்டுவந்து போட்டுத் தந்தாள்.

செருகியதும் சக்கரம் இடமும் வலமும் ஆடியது,
ஆமா, இல்லை இரண்டுக்கும் பொதுவான
நம்மூர்த் தலையாட்டல்.
அப்புறம் நின்றுவிட்டது.

விளையாட்டு திறந்தது. லாரி கிளம்பியது.
திருப்பினால் திரும்பியது.
கையில்தான் ஒன்றுமே இல்லை,
மரை தேய்ந்த குழாய்த் திருகு மாதிரி.
தாரும் பனியும் சரளையும் ஒரே ருசி.

சக்கரத்துக்குச் சரியான டிரைவர் இல்லை
என்றது கணினி.
இங்கேயும் அதே கதைதான், என்றேன்.

கெர்னல் என்ற சொல்லை அகராதியில் பார்த்தேன்.
பருப்பு என்று போட்டிருந்தது.
சரிதான்,
அந்த வாரம் முழுக்க என் பருப்பு வேகவில்லை.

இரவு வேலை முடிந்து வந்து, பூட்ஸ் கழற்றாமல்,
மாட்யூலைக் கட்டுவேன்.
பதினேழாவது வரியில் பிழை.
பிழையைத் தீர்த்தால் வேறொரு பிழை
வெகுநேரம் காத்திருந்தது போல எழுந்து வரும்.
கட்டி முடித்த அன்று
கையெழுத்தில்லாத மாட்யூலை ஏற்க முடியாது என்றது.
குடிவரவு அலுவலகம் நினைவுக்கு வந்தது:
ஆள் எதிரே நிற்கிறாள், தாள் எங்கே?

நானே ஒரு சாவி உண்டாக்கினேன்.
நானே கையெழுத்திட்டேன்.
மறுதொடக்கத்தின் நீலத்திரையில்
என்னை நானே நம்புவதாக ஒப்புக்கொண்டேன்.
நாடுகளும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதிகாலை மூன்றரை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சக்கரம் உயிர்த்து என் மணிக்கட்டை உதைத்தது,
தேநீர் கீபோர்டில் போய் விழுந்தது.
ஆனால் எல்லாம் தலைகீழ்:
நான் இடப்பக்கம் திருப்ப
அதுவும் இடப்பக்கமே பாய்ந்தது.
இவ்வளவு சம்மதம் பயமாக இருந்தது.
அமைப்புக் கோப்பில் ஒரு மைனஸ் குறி சேர்த்தேன்.

அப்புறம்தான் அது என்னை எதிர்த்தது.
வளைவில் தோள்வரை கனம்.
சரளையில் விரலெலும்பில் நடுக்கம்.
ஏற்றம் தாண்டி, பனி மினுங்கும் பாலத்தில்,
சட்டென்று

கனம் போய்விட்டது.

இழுப்பு இல்லை, உதறல் இல்லை.
சக்கரம் பஞ்சு மாதிரி, பழைய குழாய்த் திருகு மாதிரி.
லாரி மெதுவாகக் கரையை விட்டு விலகியது.

ஓ, இதுதானா ஹால்டோர்சன்!
வழுக்கல் என்றால் ஏதோ ஒன்று வந்து
கையைப் பிடித்து இழுக்கும் என்று
இரண்டு தேர்விலும் காத்திருந்தேனே.
அது வருவதில்லை.
இருந்தது போகிறது.
அப்படியென்றால் இந்த வாரம் முழுக்க
நான் ஓட்டியது வெறும் பனிக்கட்டி.

பாலத்தில் பதினோரு முறை கவிழ்ந்தேன்.
பன்னிரண்டாவதில், கனம் குறையத் தொடங்கும்போதே
என் கால் தானாக மிதியை விட்டது.
ரப்பர் இல்லாத இரும்பு
உள்ளங்காலில் வட்டமாகப் பதிந்திருந்தது.

வியாழன் மூன்றாவது தேர்வு.
திரையின் மூலையில் ஒரு சின்ன மணி:
புதிய கெர்னல் தயார், இப்போதே மாற்றலாமா?

ஐயா சாமி,
வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.